மீன்கள் சாகாத தொட்டி

ஞாயிறு, காலை ஏழு மணி. பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்த ஹரீஷ்குமார், கண்ணாடித் தொட்டியின் அடியில் நத்தைகள் அத்தனையும் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தான். இறால்கள் வெளுத்துச் சுருண்டிருந்தன. பூப்போல் விரிந்து நிற்கும் பவளங்கள் சதை கழன்று தொங்கின.

அது அவன் மனைவி வினோதா வளர்த்த கடல். எந்தக் கடலும் எட்டாத ஓசூரில், உப்பைப் பாக்கெட்டில் வாங்கிவந்து கரைத்துக் கடல் செய்தவள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. அவள் போய் எட்டு மாதமாகிறது.

பத்து மணிக்குப் புகார் ஸ்டேஷனுக்கு வந்தது. சிப்காட்டில் வார்ப்புப் பட்டறை நடத்துகிறவரின் புகார் என்பதால் இன்ஸ்பெக்டர் முகத்தை இறுக்கிக்கொண்டு வாங்கினார். சிரிப்பை மிச்சம் வைத்து சப்-இன்ஸ்பெக்டர் சுமலதாவிடம் கொடுத்தார்.

"மீன் கேசும்மா. போஸ்ட்மார்ட்டத்துக்கு மசாலா எடுத்துட்டுப் போ."

சுமலதா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். குடத்தைத் தட்டுகிற சத்தத்திலேயே ஆள் வாங்க வந்தவனா, மழைக்கு ஒதுங்கியவனா என்று எடைபோடும் வீட்டில் வளர்ந்தவள். அவள் சிரிக்காமல் கிளம்பினாள்.

ஹரீஷ் குற்றவாளியைத் தயாராக வைத்திருந்தான்.

"கௌதம்தான் மேடம். தொட்டி சுத்தம் பண்ண வர்றவன். நேத்து அவனைத் திட்டினேன்."

"எதுக்கு?"

"பாசி. முடி மாதிரி பச்சைப் பாசி, மூணு மாசமா. இந்த மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா தொட்டியையே கழட்டிடுவேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அந்தக் கோபத்துல மருந்து வெச்சுட்டான்."

"எல்லார்னா?"

"அவன், சுப்ரியா, எங்க மாமா. வேற யாரும் நேத்து வரல."

கௌதமின் பெயரை அவன் ஏற்கெனவே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மற்ற வீடுகள் இனி வராதே என்று கௌதமுக்குச் சொல்லியும் விட்டன. ஊரில் தீர்ப்புதான் முதலில் வரும், விசாரணை பின்னால் நடந்து வரும்.

சுமலதா நேற்றிருந்த அனைவரையும் வரச் சொன்னாள். காரணம் சொல்லாமல் கூப்பிடுங்கள் என்றாள்.

முதலில் சுப்ரியா. அடுத்த மாதம் ஹரீஷ் மணக்கப்போகிறவள்.

"தொட்டி பிடிக்குமா உங்களுக்கு?"

"பிடிக்கும்னு சொன்னா பொய் மேடம். அதுக்கு முன்னால உக்காந்து சாப்பிட்டா, யாரோ பாத்துட்டே இருக்கற மாதிரி இருக்கும்."

"அப்போ போனது நல்லதுதான்."

"கழட்டச் சொன்னது நான் இல்ல. இவரால அதைப் பாக்க முடியல. நான் சொல்லித்தான் செய்யறாருன்னு ஊர் பேசும், அதையும் கேட்டுக்கணும்."

அடுத்து கௌதம். கான்ஸ்டபிளோடு வந்தவன், யாரையும் பார்க்காமல் நேரே தொட்டிக்குப் போய் மண்டியிட்டான். கண் கலங்கிவிட்டது.

"நடிக்கறான்," என்றான் ஹரீஷ்.

"பாசிக்கு என்ன பண்ணின?" என்றாள் சுமலதா.

"எல்லாம் பண்ணிட்டேன் மேடம். விளக்கு நேரத்தைக் குறைச்சேன். வடிகட்டின தண்ணிதான் விடறேன். பிரஷ் வெச்சு கல்லைத் தேய்ச்சேன். பாசி மேயறதுக்குத்தான் இந்த நத்தைங்களையே விட்டோம். மருந்து போட்டா சீக்கிரம் போயிடும், ஆனா பாசியோட பவளமும் போயிடும். வினோதா மேடம் உயிரோட இருந்தப்ப மருந்துப் பேச்சே எடுக்க விடமாட்டாங்க."

"பின்ன ஏன் போகல?"

"தெரியல. தீனி குறைங்கன்னு சாரைக் கெஞ்சினேன். அதிகத் தீனி விழுந்தா அதையே தின்னுதான் பாசி வளரும். ரெண்டு மாசம் வர்ற தீனி டப்பா பதினஞ்சு நாள்ல காலியாவுது."

"ஒரு சிட்டிகைதான் போடறேன்," என்று ஹரீஷ் சீறினான்.

பதினொன்றரைக்கு மாமா வந்துசேர்ந்தார். கோவிந்தப்பன், வினோதாவின் அப்பா. சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிறவர். மகள் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, தொட்டிமுன் நாற்காலி போட்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார். மருமகன் வேறு பெண்ணைக் கட்டுவதற்கு அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னதில்லை. தொட்டியைக் கழட்டுவேன் என்றபோது மட்டும் எழுந்து வெளியே போய் நின்றார்.

"ஒடனே வரச் சொன்னீங்களாமே மாப்ள. மழைக்குத் தக்காளியில கருகல் விழுந்துருச்சு, மருந்து கலக்கி வெச்சதை அப்படியே போட்டுட்டு வந்தேன்." காக்கி உடையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். "பரவால்லியே. பாசி வெளுத்துருச்சு. பூவெல்லாம் மூடிக் கெடக்குதே, வெளக்கு போடலீங்களா?"

கிழவருக்குக் கண் மங்கல் என்று ஹரீஷ் நினைத்தான்.

சுமலதா தொட்டியருகே போய் நின்றாள். ஆரஞ்சு மீன் ஒன்று, பிணங்களுக்கு நடுவே, கடை திறந்த முதலாளிபோல் சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கௌதம், மீன் எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணும் சாகல மேடம்."

"நத்தையும் இறாலும் பவளமும் சாகும், மீன் சாகாது. அப்படி என்ன இருக்கு?"

"செம்பு. செம்பு உப்பு. மீனுக்கு நோவு வந்தா தனித் தொட்டியில போட்டுக் குடுப்போம். கொஞ்சமா இருந்தா மீன் தாங்கும். மத்தது தாங்காது."

"உன்கிட்ட இருக்கா?"

"கடையில இருக்கு."

"கேட்டீங்களா மேடம்? அவனே ஒத்துக்கிட்டான்," என்றான் ஹரீஷ்.

சுமலதா கௌதமின் கடையிலிருந்து சோதனை மருந்தைக் கொண்டுவரச் சொன்னாள். தொட்டி நீரில் சில சொட்டு விட்டதும் குழாயில் நிறம் ஏறியது. செம்புதான்.

"சார், திருடன் தன் வீட்டுச் சாவியைத் தானே எடுத்துக் குடுக்கமாட்டான்," என்றாள். "கெடுக்கணும்னு வந்தவன் பினாயிலை ஊத்துவான். முதல்ல மீன் மிதக்கும். இங்க போட்ட அளவைப் பாருங்க. மீனுக்கு நோகக்கூடாதுன்னு பயந்து பயந்து போட்ட கை. இது வஞ்சம் இல்ல. வைத்தியம்."

"யாருக்கு வைத்தியம்?"

"பாசிக்கு. காலைலேருந்து இதைப் பாத்த எல்லாரும் செத்ததைப் பாத்தோம். ஒருத்தர் மட்டும்தான் பாசி வெளுத்ததைப் பாத்தார். அதை நாம யாரும் காதுல வாங்கிக்கல."

அவள் கிழவர் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, உங்க தோட்டத்துத் தண்ணித் தொட்டியில பாசி புடிச்சா என்ன போடுவீங்க?"

"மயில்துத்தம்தாங்க. தக்காளி மருந்துக்கு சுண்ணாம்போட கலக்கறதும் அதான்." அவர் இன்னும் புரியாமல் பேசினார். "அந்தத் தொட்டிக்கு ஒரு கை போடுவேன். இது சின்னது. வர்ற வழியில தக்காளிக்கு வாங்கின பொட்டலத்துல ஒரு துணுக்குதான் எடுத்தேன். நேத்து மாப்ள போன் பேசப் போனப்ப கரைச்சு விட்டேன். பாசி போயிட்டா கழட்ட மாட்டாருல்ல."

"மயில்துத்தமும் செம்பு உப்புதான் மேடம்," என்றான் கௌதம்.

கிழவர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கௌதம் எடுத்துவைத்திருந்த தட்டைப் பார்த்தார். அதில் நத்தைகள். கடைசியாகப் பவளத்தைப் பார்த்தார்.

"பூ மூடிக்கல, இல்லீங்களா?"

"இல்லீங்க ஐயா," என்றான் கௌதம்.

"தண்ணி மாத்துனா?"

"மீனைக் காப்பாத்தலாம். இப்பவே வேற தொட்டிக்கு மாத்தணும். ஆனா கல்லும் மணலும் செம்பைக் குடிச்சிருச்சுங்க. அதுல இனிமே பவளம் நிக்காது."

"எத்தன தடவ கழுவுனா போவும்?"

கௌதம் ஹரீஷைப் பார்த்தான். ஹரீஷ் தரையைப் பார்த்தான்.

கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை. பிறகு சுமலதாவிடம், "அம்மா, கேசுல எம் பேர எழுதுங்க. அந்தத் தம்பி நாலு வீடு ஏறிப் பொழைக்கறவரு," என்றார்.

"கேசே இல்லீங்க ஐயா. சார், வாட்ஸ்அப்புல நீங்க போட்டது தப்புன்னு நீங்களே போடுங்க. இப்பவே, என் முன்னால."

ஹரீஷ் போட்டான். சுப்ரியா கிழவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார்.

கௌதம் வாளியில் மீன்களைப் பிடித்துக்கொண்டே முணுமுணுத்தான். "பாசி எப்படித்தான் வந்துச்சுன்னு மட்டும் இன்னும் புரியல மேடம்."

சுமலதாவுக்குப் புரிந்திருந்தது. சனிக்கிழமைதோறும் மகளின் மீன்களுக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவர், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கமாட்டார். திறந்த வாயெல்லாம் பசித்த வாய் என்று நினைக்கிற கை அது. அவள் காலித் தீனி டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சில பாசி அப்படித்தான் வரும்," என்றாள்.

கோவிந்தப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். ஹரீஷ் வாசல்வரை ஓடிவந்தான்.

"மாமா, இருங்க, சாப்பிட்டுப் போலாம். எப்பவும் போல சனிக்கிழமை வாங்க மாமா. தொட்டி இல்லாட்டி என்ன, வாங்க."

கிழவர் அவன் கையைப் பிடித்து, மெதுவாகத் தட்டி, விட்டார்.

"வரலாம் மாப்ள," என்றார். "வந்து எதைப் பாக்க?"