துறையில் நின்றவள்

“படத்திலை ஆரும் நிக்கினமோ?”

நோர்பரியில் தன் வீட்டு மேல் அறையில் நான் பையை வைத்ததும் கஜந்தினி மச்சாள் கேட்ட முதல் கேள்வி அது.

கட்டிலுக்கு எதிரே தொங்கியது படம். ஜப்பானில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. நீல ஏரி, வளைந்த பைன் மரம், கரையில் சின்னப் படகுத்துறை. பார்த்தாலே மனம் அடங்கும்.

“ஒருத்தரும் இல்லை, மச்சாள்.”

அவள் என்னை இறுகக் கட்டிப்பிடித்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னைக் குறைவாகப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கும் வராதவள், “என்னோடை வந்து இரு” என்று போனில் கூப்பிட்டாள்.

“வெளிக்கிடேக்கை படத்துக்கும் சொல்லிப்போட்டுப் போ.”

“என்னெண்டு?”

“எல்லாருக்கும் சொல்லுறதுதான். போட்டு வாறன் எண்டு.”

“படம் என்ன, மாமியோ?” என்று சிரித்தேன். ஆனாலும் சொன்னேன்.

கடைக்குப் போய் வந்தபோது மச்சாள் வாசலுக்கு வெளியே நின்றாள். மழையில் நனைந்தபடி, முகத்தை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு.

மேலே, அறையெல்லாம் பாசி மணம்.

துறையில் அரிசியளவில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள்.

அடுத்த முறை வெளிக்கிட்டபோது பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. திரும்பி வந்தபோது படத்துப் பெண்ணின் முகம் என் கட்டிலைப் பார்த்திருந்தது.

அதற்குப் பிறகு என்னால் படி இறங்க முடியவில்லை. காலை வைத்தால் மூக்குக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறும். மூச்சு முட்டும். அறைக்குத் திரும்பினால்தான் வடியும்.

இன்று மத்தியானம் மச்சாள் சூட்கேஸை மூடினாள்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“வாறன் எண்டு சொன்ன ஆளைத்தான் அது பாத்துக்கொண்டிருக்கும்.” அவள் குரல் காற்றுப்போல வந்தது. “நானும் சொன்னனான். இன்னொராள் சொன்னாத்தான் என்னை விடும்.”

“அதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.

துறை வெறுமையாக இருந்தது.

என் பிடரியில் ஈர மூச்சு.

“வந்திட்டியோ?”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். “மச்சாள், போட்டு வாறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ.”

கஜந்தினி மச்சாள் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.