ஏழாம் இருக்கையின் எடை

சனிக்கிழமை காலை மகாலட்சுமி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது பூங்காவில் வழக்கமான சத்தங்கள் எல்லாம் இருந்தன. ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெளியே கம்பம் சாலையில் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரிகள் ஹாரன் அடித்தன. நல்ல வெயில். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத காலை.

அவள் விமானத்துக்குப் போனாள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், கண்ணுகளா. அது எங்கேயும் பறக்காத விமானம். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய பெட்டி, ஆறு இரும்புக் கால்களின் மேல் நிற்கும். உள்ளே பன்னிரண்டு இருக்கைகள், எதிரே சுவர் முழுக்கத் திரை. கதவை அடைத்து விளக்கை அணைத்தால் படம் ஓடும். வைகை அணையில் கிளம்பி, தேனிக்கு மேலே வந்து, நெல் வயலும் திராட்சைப் பந்தலும் தாண்டி, கம்பம் மெட்டு மலைச்சாலையின் வளைவுகளில் ஏறி, மேகமலையில் முடியும். படம் சாய்கிற பக்கம் பெட்டியும் சாயும். ஆறே நிமிடம். இறங்கி வருகிறவர்கள் காலைத் தரையில் வைக்கவே யோசிப்பார்கள்.

அதை ஓட்டுவது மகாலட்சுமிதான். பக்கத்தில் அவளுக்கு ஒரு கண்ணாடி அறை. அங்கே பலகையில் பன்னிரண்டு விளக்குகள். இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் சிவப்பு எரியும். பெல்ட் மாட்டினால் பச்சையாகும். ஒரு சிவப்பு இருந்தாலும் மிஷின் கிளம்பாது.

பலகையின் சுவிட்சைப் போட்டாள். ஏழாம் விளக்கு சிவப்பாக எரிந்தது.

உள்ளே யாரும் இல்லை.

இது பதினெட்டாவது நாள். சென்சாரை மாற்றியாயிற்று. வயரை மாற்றியாயிற்று. இருக்கையையே கழற்றி மூன்றாம் இருக்கையோடு இடம் மாற்றியாயிற்று. மூன்றாம் இடத்துக்குப் போன பழைய இருக்கை சாதுவாக இருந்தது. ஏழாம் இடத்துக்கு வந்தது சிவப்பாக எரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, பலகையை உடைக்க வேண்டும் போல வந்தது. மிஷினை அனுப்பிய கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே சுந்தர்ராஜ் என்று ஒருவர், கோபமே வராத குரல்.

“ஏனுங்க மேடம், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?”

“பதினோரு தடவ பண்ணிட்டேன் சார்.”

“எதுக்கும் பன்னெண்டாவது தடவ பாருங்க.”

பன்னிரண்டாவது தடவையும் பார்த்தாள். பிறகு அவர் ஏழாம் இருக்கையின் எடையைப் படிக்கச் சொன்னார். நாற்பத்தாறு கிலோ. கொஞ்சம் கழித்து நாற்பத்தைந்து புள்ளி எட்டு. மறுபடி நாற்பத்தாறு. ஏறியது, இறங்கியது, ஏறியது.

“பழுதுன்னா நம்பர் ஒரே எடத்துல நிக்குமுங்க,” என்றார் சுந்தர்ராஜ். “இப்படி ஏறி எறங்குறது, ஆள் உக்காந்து மூச்சு விட்டாத்தானுங்க.”

பிறகு வேறு வேலை வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி வைகுண்டராஜ் பத்து மணிக்கு வந்தார். திங்கட்கிழமை சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றும், அன்றைக்கு ஓடாவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அந்த இடத்தில் பேய் வீடு வைப்பாராம்.

“இருட்டா ஒரு ரூமு, ரெண்டு பொம்ம, ஒரு ஸ்பீக்கரு. ஆப்பரேட்டரே வேண்டாம், தெரியும்ல?”

அவளுக்குத் தெரிந்தது. டிப்ளமோ படித்துவிட்டு ஒன்பது வருடம் ஏலக்காய்த் தோட்ட ஜீப்பில் போனவள் அவள். விடியும் முன்னே எழுந்து, பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினாறு பேராக ஏறி, மெட்டு ஏறிக் கேரளத் தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து கிடந்து, இருட்டும்போது இறங்க வேண்டும். பின்கதவிலிருந்து இரண்டாவது இடம் அவளுடையது. படித்த படிப்புக்குச் சொந்த ஊர்ப்பக்கத்தில் கிடைத்த முதல் வேலை இது. இதை விட்டால் மறுபடியும் அந்த ஜீப்புதான்.

ஏழாம் இருக்கைக்கு ஒரு வயரைக் குறுக்கே வைத்து மிஷினை ஏமாற்றிவிடு என்றார் வைகுண்டராஜ். அவள் மறுத்தாள்.

“பெல்ட் போடாத பிள்ள அதுல உக்காந்தா தூக்கி அடிச்சிரும்ணே.”

“அப்ப நீயே ஒரு வழி சொல்லு,” என்று போய்விட்டார்.

அவள் யோசித்தாள். ஆள் இருக்கிறது என்றுதானே மிஷின் சொல்கிறது? சரி, இல்லாத ஆளுக்குப் பெல்ட்டை மாட்டிவிடலாம். உள்ளே போய் வெறும் இருக்கைமேல் பெல்ட்டைப் பூட்டிவிட்டு, கதவை அடைத்து, கண்ணாடி அறைக்கு வந்தாள். பச்சை. பொத்தானை அழுத்தினாள். இரும்புக் கால்கள் முனகி எழுந்தன.

டக்.

சிவப்பு. பெட்டி பெருமூச்சு விட்டுக் கீழே உட்கார்ந்தது.

உள்ளே போனாள். பெல்ட் கழன்று இருபுறமும் தொங்கியது. மறுபடி பூட்டினாள். மறுபடி டக். மூன்றாம் தடவை கொக்கியோடு சேர்த்து வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினாள். அந்தப் பட்டையைத் தெரியுமல்லவா, கண்ணுகளா? போட்டால் போட்டதுதான். கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

டக்.

பட்டை தரையில் கிடந்தது. அறுபடவில்லை. அவிழ்ந்து கிடந்தது.

ஆத்திரத்தில் எட்டாம் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். “என்னதான்டா வேணும் ஒனக்கு?” என்று மிஷினைத் திட்டினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான், பளுவான கதவு. உள்ளே இருட்டானது. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்.

அப்போதுதான் வாசனை வந்தது.

பச்சை ஏலக்காய். நாளெல்லாம் பறித்த விரல்களில் ஏறி, சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. கூடவே மழையில் நனைந்த மலைமண்.

பக்கத்து இருக்கையில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மிஷின் வந்து இறங்கிய தை மாதம். மூட்டைகளை வைத்து எடைச் சோதனை செய்ய வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. மணல் மூட்டைக்கு எங்கன போறது, கட்டட வேலைக்கு வந்த பொம்பளைகளை உட்கார வைத்துவிடு என்றார் முதலாளி. மணலைவிட ஆள் லேசாகக் கிடைத்தது. அவள்தான் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துப் பெல்ட் மாட்டினாள். ஏழாவதில் பவுனு, அவளுக்கு மதினி முறை. திரை இன்னும் வந்திருக்கவில்லை. இருட்டுக்குள் ஒரு மணி நேரம் மிஷின் அவர்களைக் குலுக்கியது. மூன்று தடவை பாதியில் நின்றது. மூன்று தடவையும் காரணம் பவுனுதான், பெல்ட்டைக் கழற்றிக் கழற்றி விட்டாள்.

“மூச்ச அடைக்குதுடி ஆத்தா,” என்றாள். “இதப் போயி பறக்குதுங்குற. நம்ம ஜீப்புல போற மாதிரில்ல இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். படம் வந்ததும் முதல் ஆட்டம் ஒங்களுக்குத்தான் மதினி என்று மகாலட்சுமி வாக்குக் கொடுத்தாள்.

திறப்பு விழாவன்று பவுனு மாம்பழ மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தாள். முதல் ஆட்டம் முதலாளியின் சம்பந்தி வீட்டாருக்கு என்றாகிவிட்டது. வேலையாட்கள் இன்னொரு நாள் வரட்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பவுனு கண்ணாடி அறையைப் பார்த்தபடி நின்றாள். மகாலட்சுமி பார்த்தாள். பார்த்துவிட்டு, பலகையில் என்னவோ வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டாள்.

கட்டட வேலை முடிந்ததும் பவுனு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். ஜீப்பில் காலியாக இருந்தது ஒரே இடம், மகாலட்சுமி விட்டுப்போனது. பின்கதவிலிருந்து இரண்டாவது. கம்பம் மெட்டில் ஒரு வளைவில் அந்த ஜீப் உருண்டது. ஐந்து பெண்கள் இறந்தார்கள். பவுனுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் ஏழாம் விளக்கு எரியத் தொடங்கியது.

மகாலட்சுமி இருட்டில் வாயைத் திறந்தாள்.

“மதினி.”

ஏசி ஓடியது.

“பெல்ட்டப் போட்டாத்தான் படம் ஓடும் மதினி. ஆறே நிமிசம். பொறுத்துக்கோங்க.”

எழுந்து கதவைத் தள்ளித் திறந்து, திரும்பிப் பார்க்காமல் கண்ணாடி அறைக்கு வந்தாள். பெல்ட்டை அவள் தொடவில்லை. பலகையில் ஏழு சிவப்பாக எரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பச்சையானது.

பொத்தானை அழுத்தினாள். கால்கள் எழுந்தன. உள்ளே வைகை அணையின் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தாள். முதலில் வேகமாக ஏறி இறங்கியது. வயல்கள் வந்தபோது நிதானமானது. ஒரு முறைகூட டக் சத்தம் வரவில்லை. நாலாவது நிமிடம் பெட்டி இடப்பக்கம் சாய்ந்தது, கம்பம் மெட்டு வந்துவிட்டது. நாற்பத்தாறு. நாற்பத்தாறு.

பூஜ்யம்.

ஏழாம் விளக்கு அணைந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, பதினெட்டு நாள் அழுகையும் சேர்ந்து.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லை. கையெழுத்துப் போட்டார். வைகுண்டராஜ் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, பேய் வீட்டை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, சும்மா சொன்னேன் என்றார். வேலை நிலைத்தது. அன்று மத்தியானமே கூட்டத்தை விட்டார்கள்.

இரண்டாம் ஆட்டம் முடிந்து இறங்கிய ஒரு சின்னப்பெண் தன் அம்மாவிடம், அந்த ஜீப்பு ஏன் நடுரோட்டில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே போனாள்.

படத்தை மகாலட்சுமி நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள். விடியற்காலையில் எடுத்த படம். மெட்டுச் சாலையில் ஒரு வண்டிகூட இல்லை.

மூன்றாம் ஆட்டத்துக்கு ஆளேற்றினாள். பன்னிரண்டும் பச்சை. கிளப்பிவிட்டு, கண்ணாடி அறையில் இருந்த சின்னத் திரையில் படத்தைப் போட்டாள்.

அணை. வயல். பந்தல்.

மெட்டு.

வளைவில் ஜீப் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. மடியில் தூக்குவாளிகளோடு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர். மேலே பறந்து போகிற விமானத்தை அவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஐந்து பேரும் நேராக, கண்ணாடி அறைக்குள் அவளைப் பார்த்தார்கள். படம் நகர வேண்டும்.

நகரவில்லை.

கதவிலிருந்து இரண்டாவதாக மஞ்சள் சேலை. பவுனு சிரித்தாள். நெரிசலில் இன்னொருத்திக்கு இடம் விடுகிறவள் மாதிரி இடுப்பை நகர்த்திக்கொண்டு, பக்கத்தில் உண்டான இடத்தைக் கையால் இரண்டு முறை தட்டினாள்.