கடல் இடது கைப் பக்கம்

"இல்ல அண்ணி, கடல் எப்பவும் இடது கைப் பக்கம்தான் இருக்கணும். அந்தத் தீவுல அப்படித்தான் சுத்துவாங்க."

"வலது பக்கம் இருந்தா என்ன, கடல் கோச்சுக்குமா?"

"கடல் கோச்சுக்காது. மனுசங்கதான் கோச்சுக்குவாங்க. எதிர்ப்பக்கமா வர்ற வண்டிக்கு அங்க பெட்ரோல் கூடப் போட மாட்டாங்க."

சொல்லிவிட்டுக் கொழுந்தன் சாப்பாட்டு மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தின்மீது இன்னும் கொஞ்சம் குனிந்தான். வயிறு மேசை விளிம்பில் அழுந்தியது. அவன் நிமிர்ந்தபோது, மரத்தின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் மின்னியது. டீ சிந்தியிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் டீ டம்ளர்கள் எல்லாம் மேசையின் மறுகோடியில் இருந்தன. துணியை எடுத்துத் துடைத்தாள். ஈரம் துணியோடு வரவில்லை. நூலாக நீண்டு, அறுந்து, மறுபடியும் மரத்திலேயே ஒட்டிக்கொண்டது.

துணியை அவள் மோந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த நாற்றம் கொழுந்தன் ஊர் திரும்பிய வாரத்திலிருந்தே வீட்டில் குடியிருந்தது. மூடிய டப்பாவில் மறந்துபோன அன்னாசிப் பழத்தின் இனிப்பு மேலாக வரும். அதற்கு அடியில், கொஞ்சம் தாமதித்து, மீன் கழுவிய தண்ணீரின் வாடை வரும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று அதை இழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாக்கடை மூடியைத் திறந்து பினாயில் ஊற்றியிருக்கிறாள். கடைசியில் அவன் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றிய அன்றுதான் தேடல் நின்றது. உறையை இரண்டு விரலால் பிடித்து வாளியில் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். அப்புறம் நெடுநேரம் வெட்கப்பட்டாள். அவன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். அம்மா இல்லாத பிள்ளைக்குத் தலை துவட்டிவிட்ட கை அது. அந்தக் கைக்கு இன்றைக்கு அருவருப்பாம்.

"ஊரார் வேலியெல்லாம் கோடு போட்டுக் கொடுக்குறவ, வீட்டுக்கு ஒரு தீவு வரைய இவ்வளவு நேரமா?" என்றபடி கணவன் உள்ளே வந்தான். கையில் கார் சாவி. "டேய், உங்க அண்ணி ஆபீஸ்ல பேர் என்ன தெரியுமா? பிளேடு அக்கா!"

"நான் பேசுறதக் கேட்டு வெச்ச பேர் இல்ல, தம்பி. உங்க அண்ணன் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறார்."

கொழுந்தன் சிரித்தான். ஊர் திரும்பியபின் அவன் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். கண்ணாடி போன்ற மெல்லிய தாளை மூலப்படத்தின்மேல் விரித்து, அடியில் தெரிகிற எல்லைகளை மையால் பார்த்து வரைய வேண்டும். அந்த மை ரப்பருக்கு அசையாது. கோடு பிசகினால் பாதி பிளேடை எடுத்துச் சுரண்ட வேண்டும், மை மட்டும் வர வேண்டும், தாள் கிழியக் கூடாது. அவள் சுரண்டினால் தாளுக்கே தெரியாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இன்னொன்றும் அவளுக்குக் கையோடு ஊறிப்போயிருந்தது: புறப்பட்ட புள்ளிக்கே கோடு வந்து சேர வேண்டும். சேராத எல்லை மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. திறந்து கிடக்கிற நிலத்துக்குள்ள யார் வேணாலும் புகுந்துருவான்மா, என்பார் மேலதிகாரி.

இப்போதும் அதே போலத்தான், தீவின் படத்துக்கு மேல் அந்தத் தாளை விரித்துச் சிவப்பு மையில் பயணத்தை வரைந்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது. முதல் இரவு கலங்கரை விளக்கத்தடியில் இருக்கிற விடுதி. பிறகு வடக்கு மூக்கைச் சுற்றிக்கொண்டு கறுப்பு மணல் கடற்கரை. அதற்கடுத்து மலையிலிருந்து நேராகக் கடலில் விழுகிற அருவி. தெற்கே சதுப்பு, மேற்கே வளைகுடா, அங்கே படகுக்காரர்கள் வாடகைக்கு விடுகிற அறைகள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் கணவனும் சேர்ந்து போகிற முதல் பயணம் இது. ஆனால் ஊர் பார்க்கப் போகவில்லை என்பது மூவருக்கும் தெரியும். சோடாபுட்டியைத் தேடிப் போகிறார்கள்.

சோடாபுட்டி கொழுந்தனின் கூட்டாளி. தடிக் கண்ணாடி, பெரிய பல், எந்நேரமும் பசி. தெருமுனையில் திரும்பும்போதே ஸ்கூட்டர் ஹாரனை இரண்டு தடவை வெட்டி அடித்து, மூன்றாவதை இழுப்பான்: பீப், பீப், பீ...ப். அதைக் கேட்டதும் அவள் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவாள். இருவரும்தான் தீவுக்குப் போனார்கள். ஒருவன்தான் வந்தான். காரும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

"அந்தக் கடைசித் துண்டு ரோட்டுல அப்படி என்னடா ஆச்சு?" கணவன் கேட்டான். எத்தனையோ தடவை கேட்டதுதான்.

"ரோடு மெத்துன்னு இருந்துச்சுண்ணா."

"வெயில்ல தார் இளகியிருக்கும்."

"இளகின மாதிரி இல்ல. பழுத்த மாதிரி." கொழுந்தன் வரைபடத்தைப் பார்த்தபடியே பேசினான். "டயர் அமுங்கினா மெதுவா எழும்பி வருது. இறக்கி விடுடான்னு இறங்கிட்டேன். பயந்தாங்கொள்ளி, துறைமுகத்துல பாக்கலாம்டான்னு சிரிச்சுட்டே போனான். நான் வந்த வழியே திரும்பி நடந்துட்டேன். விடிய விடிய நடந்தேன். கடல் வலது பக்கம் இருந்துச்சு."

வெளியே மழை பிடித்திருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"சரி, நான் போய் ஸ்டெப்னிக்குக் காத்தடிச்சு, அப்படியே படகு டிக்கெட்டும் சொல்லிட்டு வந்துடுறேன்," என்று கணவன் எழுந்தான். போகும்போது தம்பியின் முதுகில் தட்டினான். தட்டிய கையை, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் பார்த்தாள்.

கார் கிளம்பிப் போகிற சத்தம் மழையில் கரைந்தது. அவள் நிப்பை மையில் தோய்த்து வளைகுடாவிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வந்தாள். துறைமுகத்துக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கொழுந்தனின் கை குறுக்கே வந்து தாளை மறைத்தது.

"அதப் போடாதீங்க அண்ணி."

"எது?"

"அந்தக் கடைசித் துண்டு. அது அப்படியே இருக்கட்டும். அங்க போனப்புறம் பாத்துக்கலாம்."

அவன் விரல் நகங்களுக்கடியில் இன்னும் கறுப்பு மணல் இருந்தது. இத்தனை குளியலுக்கும் போகாத மணல். இன்னொரு கை சட்டைக்குள் நுழைந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. உலர்ந்த தோலைச் சொறிகிற சத்தமாக அது இல்லை, குழைந்த சோற்றைப் பிசைகிற சத்தமாக இருந்தது. சட்டை ஓரம் விலகியபோது அவள் கண்ணில் பட்டது, கயிறு போலப் புடைத்த ஒரு சிவப்பு வளைவு.

"என்ன தம்பி அது? காட்டுங்க."

"படர்தாமரை அண்ணி. அங்க ஈரத்துல வந்தது. களிம்பு போடுறேன்." சட்டையைக் கீழே இழுத்துவிட்டான். துணி உடனே நனைந்து வயிற்றோடு ஒட்டியது. "இருங்க, முகம் கழுவிட்டு வந்துடுறேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய்ச் சத்தம் கேட்டது.

அவள் தாளுடன் தனியாக இருந்தாள். விளக்கடியில் அந்தத் தாள் உரித்தெடுத்த தோல் போல மஞ்சளாக, மெல்லிய பளபளப்போடு கிடந்தது. அதன்மேல் தீவைச் சுற்றி வந்த சிவப்புக் கோடு, வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வரத் தெரியாமல் நிற்கிறவனைப் போல, துறைமுகத்துக்கு வெளியே நின்றது. நிப்பில் மை காய்ந்துகொண்டிருந்தது. இப்படிப் பாதியில் நிற்கிற கோட்டை அவள் எத்தனை வருடமாகப் பார்த்ததில்லை! போட வேண்டாம் என்று அவன் சொன்னது காதில் இருந்தது. கை காதைக் கேட்கவில்லை. விரல்கடை தூரம். ஒரே இழுப்பு. கோடு சேர்ந்துவிட்டது.

சேர்ந்த நொடியில் அவளுக்குள் ஒரு சின்ன நிறைவு வந்தது, வழக்கம்போல. பிறகுதான் விரல்களுக்கு அது எட்டியது. கடைசி இழுப்பில் தாள் மெத்தென்று இருந்தது. நிப் அமுங்கியது. எடுத்ததும், அமுங்கிய இடம் மெதுவாக எழும்பி வந்தது.

பீப், பீப், பீ...ப்.

அவர்தான். கேலி செய்கிறார். பாவம் செத்தானோ இருக்கானோ தெரியாத பையனை வைத்துக் கேலி செய்கிறாரே மனுசன் என்று கோபத்தோடு ஜன்னலுக்குப் போனாள். கேட் சாத்தியிருந்தது. தெருவில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கார் இல்லை. ஸ்கூட்டர் இல்லை.

பீப், பீப், பீ...ப்.

கொசு அளவுக்குச் சின்னச் சத்தம். வெளியிலிருந்து வரவில்லை.

குளியலறையிலிருந்து.

குழாய் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது. இப்போது அன்னாசி இல்லை. இனிப்பே இல்லை. அவள் சேலைத் தலைப்பை மூக்கோடு அழுத்திப் பிடித்தாள், அப்படியும் நாக்கில் அதன் சுவை தெரிந்தது.

கொழுந்தன் சட்டையை இரண்டு கையாலும் மார்புவரை தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தான். சின்ன வயதில் கீழே விழுந்து காயம்பட்டால் இப்படித்தான் வந்து நிற்பான், அண்ணி பாருங்க என்று.

அவள் பார்த்தாள்.

தொப்புளைச் சுற்றிச் சிவப்பு வளையம். வட்டமாக இல்லை. வடக்கே மூக்கு. மேற்கே வளைகுடா. தெற்கில் சதுப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. கடந்த ஒரு வாரமாக அவள் கண்ணை மூடினாலும் தெரிகிற உருவம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல்கடைக்கு மட்டும் வளையம் புதிதாக, ஈரமாக, பளிச்சென்று இருந்தது.

வளையத்துக்குள், தோலுக்கு அடியில், அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு. நகர்ந்துகொண்டிருந்தது. மூக்கைச் சுற்றியது. கறுப்பு மணலைத் தாண்டியது. அருவியைத் தாண்டியது.

பீப், பீப், பீ...ப்.

"மூடிட்டீங்களா அண்ணி?"

அவன் குரலில் கோபமே இல்லை.

"தம்பி... நான்... கை தானா..."

"இத்தனை நாளா அந்த இடத்துக்கு வந்தா நின்னுடுவான். நான் இறங்கின இடம் அது. கொஞ்ச நேரம் எனக்காகப் பாப்பான். அப்புறம் திரும்பிப் போவான்." அவன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். "இப்ப நிக்க மாட்டேங்குறான்."

புடைப்பு நிற்கவில்லை. புதிய துண்டின்மேல் ஏறி, இறங்கி, மறுபடியும் மூக்கு. மறுபடியும் மணல். வேகமாக. அது சுற்றச் சுற்ற வளையத்துக்குள் இருந்த தோல் முழுவதும், தொப்புளோடு சேர்ந்து, லேசாகத் திரும்பியது. ஜாடியின் மூடி திரும்புவது போல. விளிம்பிலிருந்து நூல்நூலாக வடிந்தது. தரையில் சொட்டியது.

அவள் மேசைக்குப் பாய்ந்தாள். பிளேடு. பாதி பிளேடு எப்போதும் மைப்புட்டிக்குப் பக்கத்தில். தாளை இடது கையால் அழுத்தி, அந்தக் கடைசித் துண்டைச் சுரண்டினாள். மெதுவாக. தாளுக்குத் தெரியாமல். மை வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வந்தது. மை இல்லை. தாள். ஊறிய தாள், வெள்ளையாக, தோல் உரிவதுபோலச் சுருண்டு பிளேடில் ஒட்டியது. அதற்கடியில் சிவப்பு அப்படியே இருந்தது. இன்னும் அடியில். இன்னும்.

"பேப்பர்ல இல்ல அண்ணி."

அவன் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான். குளிர்ந்த, வழுவழுத்த விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின. மெதுவாகத்தான். தலை துவட்டிவிடச் சொல்லி முன்னெல்லாம் பிடித்து இழுக்கிற அதே பிடி. பிளேடோடு சேர்த்து அவள் கையைத் தன் வயிற்றுக்குக் கொண்டுபோனான். அந்த ஈரம் பளிச்சிடும் விரல்கடை இடத்துக்கு.

வெளியே கேட் திறக்கிற சத்தம். கணவனின் கார். உண்மையான ஹாரன் ஒரு தடவை அடித்தது.

உள்ளே இருந்தும் ஒன்று பதிலுக்கு அடித்தது.

"நீங்க சுரண்டினா தாளுக்கே தெரியாதுன்னு சொல்வாங்கல்ல," என்றான் கொழுந்தன். சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் வர்றதுக்குள்ள, இங்க கொஞ்சம் சுரண்டி விடுங்க அண்ணி. ஒரு விரல்கடைதான். அவன் நிக்கட்டும்."