ஒற்றைச் சாவி

மாலை நான்கு மணிக்கு அந்த ஊரில் இறங்கினேன். அலுவலகம் எடுத்துக் கொடுத்திருந்த அறை, பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் இருந்தது. காவலாளி ஒரே ஒரு சாவியைக் கொடுத்தார்.

"ஒருத்தர்தானா சார்?"

"ஆமாம்."

முதல் நாள் மாலைக்கு அக்கா போனிலேயே திட்டம் போட்டுத் தந்திருந்தாள். பெட்டியைப் பிரிக்காதே. அலுவலகம் வரை நடந்து வழி பார்த்துக்கொள். ரொட்டி, பால் வாங்கி வா. குளி, சாப்பிடு, படு. எட்டு மணிக்குக் கூப்பிடுவாள். இதைக்கூட நான் தனியாகச் செய்து முடிக்கவில்லை என்றால், மறுநாளே வந்து அழைத்துப் போய்விடுவாள். அவள் வீட்டில் ஏழு மாதம் இருந்தாயிற்று. அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார், பாவம். திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான் நான் நினைத்தது.

அலுவலகம் பன்னிரண்டு நிமிட நடை. ரொட்டி வாங்கினேன். பால் வாங்கினேன். மாடி ஏறினேன். நடைவழியில் ஒரு விளக்குதான் எரிந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை.

கதவைத் தட்டினேன். இரண்டு தட்டு, சற்று இடைவெளி, ஒரு தட்டு.

தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

சாவி உள்ளே மேசைமேல் இருந்தது; இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. ஆறு வருடம் எந்த ஊருக்குப் போனாலும், முதல் மாலை நான் வெளியே போவேன், என் மனைவி அறையில் இருப்பாள். சாவி அவளிடம். நான் இப்படித்தான் தட்டுவேன். "யாரு?" என்பாள். "குழாய் ரிப்பேர்" என்பேன். "வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார், அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பாள்.

மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கை அதை இன்னும் கேள்விப்படவில்லை.

கீழே போய்ச் சொன்னேன். முதல் நாளே இப்படியா என்று சிரித்துக்கொண்டு காவலாளி மாற்றுச் சாவியோடு வந்தார். சாவி திரும்பியது. கதவு நகரவில்லை. தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு சார்."

நானும் தள்ளிப் பார்த்தேன்.

"தனியாதானே வந்தீங்க?" இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கதவுக்கு அந்தப்பக்கம் ஈரக் காலடி. குளியலறையிலிருந்து மெதுவாக வந்தது.

கதவருகே நின்றது.

காவலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினார். முதலில் நடந்தார். அப்புறம் ஓடும் சத்தம் கேட்டது.

நான் கதவில் வாயை வைத்து மெல்லச் சொன்னேன்.

"குழாய் ரிப்பேர்."

நெடுநேரம் ஒன்றுமில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

அறையில் யாரும் இல்லை. பெட்டி பிரிக்காமல் வைத்தபடி இருந்தது. மேசைமேல் சாவி. குளியலறை வாளியில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் பயந்திருக்க வேண்டும்; பயம் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். அவள் எனக்கு எப்போதும் கலந்து வைக்கும் சூடு.

குளித்தேன். சாப்பிட்டேன்.

எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். எல்லாம் ஆயிற்று என்றேன். அவள் நம்பவில்லை.

"முடியலைன்னா சொல்லுடா. நாளைக்கே வந்துடறேன்."

"வேண்டாம்க்கா. இங்கேயே இருந்துக்கறேன்."

கட்டிலின் இடது பக்கம் படுத்தேன். வலது பக்கம் அவளுடையது.

காலையில் வேலைக்குக் கிளம்பினேன். மாற்றுச் சாவியைக் காவலாளியின் மேசையில் வைத்துவிட வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன். என் சாவியை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

மறுபடி மேசைமேலேயே வைத்தேன்.

கதவை இழுத்துச் சாத்திவிட்டு இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.