பதினெட்டு வெண்ணெய்க் கட்டிகள்

காலை 8.40. ஹோட்டலின் குளிர் அறையில் வெண்ணெயை எண்ணினார்கள். பதினெட்டு கட்டிகள் குறைந்தன. போன வாரமும் இரண்டு தடவை அதே பதினெட்டு. பூட்டு உடையவில்லை. சாவி ஒன்றே ஒன்று. அது ஸ்டோர்கீப்பரின் இடுப்பில் இருந்தது.

கொள்முதல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள ராஜினாமா எழுதிக் குடுத்துடு. இல்லேன்னா போலீஸ். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பதினொரு வருஷ வேலை! ஸ்டோர்கீப்பர் நேராக மாடியேறித் துணி அறையில் போய் நின்றான். ஹோட்டலின் துண்டுக்கும் விரிப்புக்கும் பொறுப்பு அவனுடைய அண்ணி. ஒரு துண்டு காணாமல் போனால் எந்த அறை, எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவாள். திருடர்கள் பாவம்.

9.05. விசாரணை ஆரம்பம்.

"மூக்கைத் துடை. அந்தக் கதவு எப்பெப்போ திறக்கும்?"

"காலையில சமையல்காரர் கேக்கறதை எடுத்துக் குடுக்கறப்ப. அப்புறம் பத்து மணிக்குப் பால் வண்டி வர்றப்ப."

"சமையல்காரர் உள்ள வருவாரா?"

"வாசலோட சரி."

"பால்காரன்?"

"அவன்தான் பத்து கூடைப் பாலையும் உள்ள வைப்பான். முந்தின நாள் காலிக் கூடையை எடுத்துட்டுப் போவான். வர்ற பாலை நான் கிராம் பிசகாம எடை போடுறேன் அண்ணி!"

"அவன் உள்ள இருக்கிற வரைக்கும் நீ பக்கத்துலயே நிப்பியா?"

"நிப்பேன். போன் வந்தா மட்டும் மேசைக்குப் போவேன். நம்ம கொள்முதல் ஆபீசர்தான். அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின்னுன்னு விசாரிப்பார். அக்கறையான மனுஷன்."

"அடேயப்பா, ரொம்பத்தான்" என்றாள் அண்ணி. "இன்னிக்கும் போன் வந்தா வழக்கம்போலப் போய் எடு."

9.30. பின்வாசல் காவலாளி.

"பால்காரன் போறதைப் பாப்பீங்களா?"

"எங்கம்மா பாக்கறது? சில நாள் கூடை அடுக்கு நெத்தி வரைக்கும் நிக்கும். தள்ளுவண்டிக்குக் காலு முளைச்சு வர்ற மாதிரி இருக்கும். 'தலை எங்கப்பா'ன்னு கேப்பேன், சிரிப்பான்."

"கூடையை இறக்கிப் பாத்திருக்கீங்களா?"

"காலிக் கூடையில என்னம்மா இருக்கு?"

9.45. குளிர் அறையின் மூலையில், நேற்றுக் காலியான பத்துக் கூடைகளை ஸ்டோர்கீப்பர் அடுக்கி வைத்திருந்தான். முழங்கால் உயரம். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஹோட்டல் மேனேஜரைத் தேடிப் போனாள்.

10.17. பின்வாசலுக்குத் தள்ளுவண்டி வந்தது. தலை தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லுப்பா" என்றாள், மேனேஜரோடு அங்கே காத்திருந்த அண்ணி.

மேல் கூடை காலி. அதை எடுத்ததும் அடுத்ததில் இரண்டு வெண்ணெய்க் கட்டிகள். அதற்கடுத்ததிலும் இரண்டு. ஒன்பது கூடை, பதினெட்டு கட்டி. மேனேஜரின் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் கேட்டுக் கொள்முதல் அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

"இந்தக் கூடை காலியா இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கிடும் சார். பத்தும் சேர்ந்து முழங்கால் உயரம்தான். நெத்தி வரைக்கும் நிக்குதுன்னா உள்ள சரக்கு இருக்கு. நாம உள்ள வர்றதைத்தான் எடை போடுறோம். வெளிய போறதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான், அயோக்கியன்!" என்றார் அதிகாரி.

"இருங்க சார். இவன் உள்ள இருக்கிற நேரம் பாத்து என் கொழுந்தனுக்குப் போன் போட்டது யாரு? இன்னிக்கும் போட்டீங்களே! பழி சுமக்கத்தான் ஆள் கிடைச்சாச்சே, இன்னொரு தடவை எடுத்தா என்னன்னு தைரியம்."

அதிகாரி பால்காரனைப் பார்த்தார். பார்த்திருக்கவே கூடாது.

"போன் அடிச்சா வெண்ணெயை எடுத்துக்கோன்னு இவர்தான் சொன்னார். பாதி இவருக்கு!" என்று பால்காரன் கத்திவிட்டான்.

11.50. எழுதி வைத்திருந்த ராஜினாமாவை மேனேஜரே கிழித்துப் போட்டார். ஸ்டோர்கீப்பர் துணி அறைக்கு வந்து, சலவைக்கு வந்த துண்டொன்றில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதான். அண்ணி மற்றத் துண்டுகளை எண்ண ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணி, வீட்ல சொல்லிடாதீங்க."

"எதைடா? திருட்டுப் பட்டம் கட்டினதையா?"

"அதைச் சொல்லுங்க, பரவாயில்ல. நான் அழுததை."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் சொன்னது அதைத்தான்.