ஆக்சாயிலிருந்து இறங்கி வந்தவன்

"கையை எடுங்க! அது என் மெஷின்!"

ஆலங்கட்டி மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஆக்சாய் ஓடையின் நடுவே, மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது ஆஸ்பத்திரி வேன். அதன் பின்கதவு வழியாக யாரோ ஒருவன் இதய ஸ்கேன் பெட்டியைத் தூக்கித் தன் குதிரை மேல் வைப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் பெகாயிம் அப்படி அலறினாள்.

வெள்ளைக் கம்பளித் தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள் சிரித்தன. மழை கழுவிய கருங்கல் போல... அப்படியொரு பளபளப்பு!

"உங்க மெஷினுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது!"

"அப்ப வாயை மூடிக்கிட்டு நீங்களும் ஏறுங்க. தண்ணி ஏறுது."

வாயை மூடுவதா? தலைநகர் பிஷ்கேக்கில் பெரிய டாக்டர்களே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்கள். இவன் யார்?

ஆனால் தண்ணீர் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். அவனைத் தொடக் கூடாது என்று சேணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓடையின் நடுவில் குதிரை ஒரு முறை வழுக்கியது... அவ்வளவுதான், அவன் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கரையில் இறங்கியதும் கவனித்தாள். அவன் உதடுகளில் லேசான நீலம்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"உங்க கனம் அப்படி, டாக்டரம்மா."

பெகாயிமுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் பெயர் தாலய்பெக். கோக்-போரு என்னும் குதிரை விளையாட்டில், பாய்ந்தோடும் குதிரை மேலிருந்து குனிந்து செத்த ஆட்டின் உடலை அள்ளி எடுப்பதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனுக்கு நிகர் கிடையாது.

பெகாயிம் வந்தது ஆராய்ச்சிக்கு. அந்த மலை மேய்ச்சல் நிலத்தின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சிலருக்கு நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிப்போகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிடுகிறது. பக்கத்துக் கூடாரத்துக்காரனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் இப்படி? அதைத்தான் அவள் தேடினாள்.

ஆனால் பரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. நோய் என்று தெரிந்தால் மலையை விட்டு இறங்கச் சொல்வார்கள்... மேய்ச்சலையும் மந்தையையும் யார் விடுவார்கள்?

மறுநாள் பகல் முழுக்கப் பரிசோதனைக் கூடாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவளை, வாசலில் குதிரையை நிறுத்தி எட்டிப் பார்த்தான் தாலய்பெக்.

"என்ன டாக்டர், ஈ ஓட்டறீங்களா?"

"ஈக்காவது உள்ள வர்ற தைரியம் இருக்கு."

வெளியே குதிரைப் பாலைக் குமிஸாகக் கடைந்துகொண்டிருந்த அவன் அண்ணி சல்தானத் பக்கென்று சிரித்துவிட்டாள். சுற்றி நின்ற ஆண்களும் சிரித்தார்கள். தாலய்பெக்கின் முகம் சிவந்தது. குதித்து இறங்கினான். உள்ளே வந்து, கூடவே நுழைந்த எல்லோரும் பார்க்கச் சட்டையைக் கழற்றிப் படுத்தான்.

திரையில் அவன் இதயம் தெரிந்தது. பெகாயிமின் கை நின்றது. 'ஐயோ... இவனுக்கா?'

"இவங்களை வெளியே போகச் சொல்லட்டுமா?" மெல்லக் கேட்டாள்.

"வேணாம். எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னாள். வலப்பக்கம் வீங்கியிருக்கிறது, இந்தக் குளிர்காலத்துக்குள் கீழே இறங்கியே ஆக வேண்டும் என்று.

"கீழே போனா நான் யாரு, டாக்டர்?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"கேட்டீங்கல்ல? எனக்கே இருக்குன்னா இதுல யாருக்கு என்ன வெக்கம்? அண்ணி, முதல்ல நீங்க வாங்க."

சாயங்காலத்துக்குள் கூடாரத்தைச் சுற்றி வரிசை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பரிசோதித்தாள் பெகாயிம்.

இலையுதிர் காலத்தில் அவன் மலையை விட்டு பிஷ்கேக்குக்கு இறங்கி வந்தான். பந்தய மைதானத்தில் குதிரைக் குட்டிகளைப் பழக்கும் வேலை. மாதா மாதம் அவளிடம் பரிசோதனை. உதட்டின் நீலம் மெல்ல மெல்ல வடிந்தது. அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினால் போதும்... அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ எழுதுவாள்.

வசந்தத்தில் ஒருநாள் அவளுடைய நாற்காலியில் வேறொரு டாக்டர் இருந்தார்.

"உங்க ஃபைல் இனி என்கிட்ட. அவங்கதான் மாத்திக் கொடுத்தாங்க."

அவன் பரிசோதனை செய்துகொள்ளாமலே திரும்பினான். அப்புறம் வரவே இல்லை. கடைசியில் அவளே கொட்டும் மழையில் பந்தய மைதானத்துக்குப் போனாள். லாயத்தில் ஒரு குட்டியின் பிடரி மயிரைச் சீவிக்கொண்டிருந்தான்.

"ஏன் வரலை?"

"தள்ளிவிட்ட இடத்துக்கு மறுபடி வர்றதா? எனக்கு ரோஷம் இருக்கு, டாக்டர்."

"ரோஷம் இருக்கு. மூளைதான் இல்லை!" அவள் குரல் உடைந்தது. "டாக்டர்னா நோயாளியோட நெஞ்சைக் கேக்கணும். என் நெஞ்சே இப்படிச் சத்தம் போட்டா... நான் எதைக் கேக்கறது? அது தப்பில்லையா? அதான் ஃபைலை மாத்தினேன்."

சீப்பு அவன் கையில் அப்படியே நின்றது.

"தெரிஞ்சுதான் பேசறீங்களா? என்னால திரும்பி மேல போய் வாழ முடியாது. எங்க வீட்டுக் கூடாரத்துக்கு உங்களை மருமகளாக் கூட்டிட்டுப் போக முடியாது. குதிரையை விட்டு இறங்கினவன்னு ஊரே சொல்லுது."

"அன்னைக்கு நீங்க குதிரையை விட்டு இறங்கினதாலதான் உங்க அண்ணியும் பரிசோதனைக்குப் படுத்தாங்க. அவங்களுக்கும் இருந்துச்சே! இன்னைக்குக் கீழே நாரின் டவுன்ல சொந்தக் கால்ல நடமாடறாங்க. அத்தனை பேர் முன்னாடி சட்டையைக் கழற்றின அந்த ஆளை நினைச்சா எனக்கு அப்படியொரு பெருமை..." அவள் தலையை நிமிர்த்தினாள். "அந்த ஆள் என் ஆளுன்னு சொல்லிக்கணும்னு இருக்கு. சொல்லிக்கட்டுமா?"

தகரக் கூரையில் மழை தாளம் போட்டது. அவன் கண்கள் நிறைந்து தளும்பின.

"இன்னொரு தடவை சொல்லு, பெகாயிம்..."

'டாக்டர்' போய்விட்டது. 'ங்க'வும் போய்விட்டது. இன்னொரு தடவை சொன்னாள்.