இடது தோளில் ஐந்து விரல்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைன் வீடுகளைத் தாண்டி, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் ஓம்னி வேன் நின்றது. மத்தியான வெயில். ஆடிக் காற்று மேட்டின் வெள்ளைத் தூளை வாரி ரோடு முழுக்க இறைத்துக்கொண்டிருந்தது.

"இங்கதாம்மா ரோனியைச் சுட்டது," என்றான் ஸ்டியரிங்கில் இருந்த சிரில். கண்ணாடியை இறக்கவில்லை. அவனும் இறங்கவில்லை.

பின் சீட்டிலிருந்த வக்கீல் ஷைலா அதைக் கவனித்தாள். கோர்ட்டிலிருந்து நேராக வந்ததால் கறுப்புக் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை. கேஸ் கட்டை வைத்திருந்த பக்கத்து இடம் குழிந்திருந்தது. பழைய ஸ்பிரிங், என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாசனை? ஈரப் பாறை வாசனை, இந்த வெயிலில்?

முன் சீட்டிலிருந்து சிரிலின் அக்கா பியூலா இறங்கினாள். ரோனியைக் கொன்றதாக அவள் மகன் எல்வினுக்கு ஆயுள் தண்டனை. திங்கட்கிழமை பெங்களூரு ஹைகோர்ட்டில் அப்பீல். அவனை உள்ளே தள்ளியவை இரண்டே விஷயங்கள். எல்வினுடைய இதே வேனைச் சோதனை போட்டபோது சீட்டுக்கு அடியில் போலீஸ் எடுத்த துப்பாக்கி ஒன்று. எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் பார்வதம்மா, ஜெயிலில் வரிசையாக நிறுத்தியவர்களில் எல்வினைத் தொட்டுக் காட்டியது இன்னொன்று.

"நா பொய் சொல்லலம்மா," என்றாள் பார்வதம்மா, ஷைலாவும் பியூலாவும் கடைக்கு வந்ததும் எடுத்த எடுப்பிலேயே. அவள் கண் வேன் மேலேயே இருந்தது.

"சுட்டவன் மொகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் ஷைலா.

"எங்க பார்க்கிறது? இந்தத் தூள்ல என் வூட்டுக்காரரே வந்தாலும் நீ யாருப்பான்னுதான் கேக்கணும்."

"அப்புறம் ஜெயில்ல எப்படிக் காட்டினீங்க?"

பார்வதம்மா குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

"ரோனி காட்னான்."

"செத்துப்போன ரோனியா?"

"எல்வினுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தாம்மா. உடம்பெல்லாம் வெள்ளை. கையை எடுத்து எல்வின் தோள்ல வெச்சான். இவன்தான்னு காட்றான்னு நெனைச்சேன். நானும் அவனையே தொட்டேன்."

பியூலா கடைப் பலகையை இறுகப் பிடித்தாள். "எந்தத் தோளு?"

"எடது."

"அடிப்பாவி! நீ பூதிகோட்டைல இருந்து வந்தவ, ஒனக்கு இன்னா தெரியும்? எங்க அப்பாவும் ரோனி தாத்தாவும் சுரங்கத்துல ஒரே கேங்கு. பாறை வெடிச்சு லைட்டு போச்சுன்னா இருட்டுல தடவிக்கினே வருவாங்க. உசுரோட இருக்கறவன் எடது தோள்ல கை வெச்சா, இவனை கேஜுல, அதான் சுரங்கத்து லிஃப்டுல, ஏத்தி மேல அனுப்புன்னு அர்த்தம். எங்க ரெண்டு குடும்பத்துப் பசங்களும் சின்னதுல அப்படித்தான் வெளையாடுவாங்க. ரோனி என் புள்ளையைக் காட்டிக் குடுக்கலடி. வெளிய அனுப்பச் சொன்னான்!"

"செத்தவனுக்கு?" என்றாள் ஷைலா.

"மூஞ்சி மேல உள்ளங்கையை வெச்சுக் கண்ணை மூடுவாங்க. அப்புறம் அவனைக் கேஜுக்குத் தூக்க மாட்டாங்க."

ஷைலாவுக்குப் பேய் நம்பிக்கை இல்லை. ஆனால் முகத்தையே பார்க்காத சாட்சி! அப்பீலுக்கு அது போதும்.

"மொகத்தைப் பார்க்கலன்னு எழுதித் தருவீங்களா?"

"தர்றேன். மொதல்ல வண்டியை எடுத்துக்கினு போங்க. அதுல இருக்கற ரெண்டு பேரையும் பார்த்தா பயமா இருக்குது."

ஷைலா திரும்பினாள்.

வேனில் சிரில் மட்டும்தான் இருந்தான்.

ஷைலாவும் பியூலாவும் ரோட்டைக் கடந்தார்கள். கண்ணாடிகள் நான்கும் ஏற்றியபடியே இருந்தன. சிரில் கர்ச்சீப்பால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்புக்கு நடுவே, நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு வெள்ளை உள்ளங்கை.

பியூலா நின்றுவிட்டாள்.

"சிரில். அன்னிக்கு வண்டி ஒங்கிட்டதானே இருந்துச்சு?"

அவன் கர்ச்சீப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

"எம்புள்ள வூட்ல தூங்கிக்கினு இருந்தான். கூடப் பொறந்த தம்பியாச்சே, நீ அப்படிச் செய்வியான்னு கோர்ட்ல வாயை மூடிக்கினேன். திங்கக்கெழமை மூட மாட்டேன்."

ஷைலா பின் கதவைத் திறந்து, குனிந்து கேஸ் கட்டை எடுத்தாள். காற்று தோளைத் தொட்டது போலிருந்தது.

சில்லென்று.

"வக்கீலம்மா," என்று கிசுகிசுத்தான் சிரில். அவன் பார்வை முன்பக்கக் கண்ணாடியை விட்டு அசையவில்லை. "பின்னாடி... யாராவது இருக்காங்களா?"

கட்டை எடுத்த பிறகும் அந்த இடம் குழிந்தே இருந்தது.

ஷைலா கதவைச் சாத்தினாள்.

பெண்கள் இருவரும் வேனில் ஏறவில்லை. கோலார் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் சிரித்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் சுண்ணாம்புச் செவுத்துல சாஞ்சீங்களா?"

ஷைலா பியூலாவைப் பார்த்தாள். பியூலா ஷைலாவைப் பார்த்தாள்.

இருவர் இடது தோளிலும் ஐந்து விரல்கள். வெள்ளையாக.